நண்பனின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, ஜிபேயில் மொய் அனுப்பினால் தப்பாக நினைப்பார்களா?

தப்பே இல்லை, தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பணம் போய்விட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மொய் நோட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் லீவு கிடைக்காமல் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். நானும் என்னோடு பத்தாவது வரை படித்த ஒருவனும் 2014-லிருந்து விசேஷ வீடுகளில் கம்ப்யூட்டர் மொய் எழுதுகிறோம். ஒரு லேப்டாப், சின்ன பில் பிரிண்டர், பணம் எண்ணும் மெஷின். அவன் பணத்தை வாங்கி ஊர், பெயர், தொகையைச் சத்தமாகச் சொல்வான், நான் அடிப்பேன். வைத்தவர் கைக்கு உடனே ரசீது. ராத்திரிக்குள் ஊர்வாரியாகப் பிரித்து, அகர வரிசையில் புத்தகமாகப் போட்டு வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவோம்.

மொய் என்பதே கடன், ஒழிக்க வேண்டிய பழக்கம் என்று யாராவது கீழே எழுதுவார்கள். கடன்தான், நான் மறுக்கவில்லை. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்களையும், பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்களையும் எனக்குத் தெரியும். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து, அதில் வரும் பணத்தில் தொழிலே தொடங்குகிறார்கள். சொத்துப் பத்திரமும் ஜாமீனும் கேட்காமல் வேறு யார் தருவார்கள்? இத்தனையும் ஒரு நோட்டை நம்பித்தான் நடக்கிறது.

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டில் கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சடித்தது செய்தியாக வந்தது. கொரோனா நேரம், வர முடியாதவர்களுக்காகச் செய்தது. இப்போது எங்கள் மேஜையிலேயே அட்டை வைத்திருக்கிறோம். அதில் சிக்கலே பெயர்தான். நோட்டில் என்றால் ‘கருமாத்தூர், பெரியகருப்பன் மகன் பாண்டி, டீக்கடை’ என்று எழுதுவோம். போனில் ‘பாண்டி பி’ என்று மட்டும் வரும். ஒரே ஊரில் நாலு பாண்டி இருப்பார்கள். சில பேர் மகன் போனிலிருந்து அனுப்பச் சொல்வார்கள், அப்போது மகன் பெயர் வரும். பத்து வருடம் கழித்துப் புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு அந்தப் பையன் யாரென்றே தெரியாது.

இதை எனக்கு நடந்ததால் சொல்கிறேன். 2018 ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து. தேஸ் என்றிருந்த ஆப் கூகுள் பே என்று பெயர் மாறிய சமயம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் பள்ளித் தோழன், வர முடியாததால் காலையிலேயே 5,001 ரூபாய் அனுப்பிவிட்டான். பந்தல்காரர், சமையல்காரர், கறிக்கடைக்காரர் என்று அன்றைக்கு என் போன் ஓயவில்லை. அந்த மெசேஜை நான் பார்க்கவே இல்லை. மேஜையில் உட்கார்ந்து எழுதியது என் கூட்டாளி, என் போனில் வந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

2023-ல் அந்தத் தோழன் திருப்பூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அம்மா புத்தகத்தை எடுத்துத் திருப்பூர்ப் பக்கத்தைப் பார்த்தார், சொந்த ஊர்ப் பக்கத்தையும் பார்த்தார். பெயர் இல்லை. “புது மொய்தாண்டா, ஆயிரத்தொண்ணு வையி” என்றார். வைத்தேன். அவனும் முகம் மாறாமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சாப்பிட உட்கார வைத்தான்.

அதற்கப்புறம் அவனிடமிருந்து போன் வருவது நின்றது. வேலை அதிகம் போல என்று நானும் விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து வேறொரு நண்பன்தான் கேட்டான்: “அஞ்சாயிரம் செஞ்சவனுக்கு ஆயிரத்த வச்சிட்டு வந்தியாமே?” எங்கள் பக்கம் வைத்ததற்குக் குறைத்து வைப்பது, இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இடையில் இரண்டு போன் மாற்றியிருந்தேன். மறுநாளே வங்கிக்குப் போய் 2018 ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கினேன். மூன்றாவது தாளில் இருந்தது: யுபிஐ, பன்னிரண்டு இலக்க எண், பாதியில் வெட்டுப்பட்ட அவன் பெயர், 5001.00.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாளையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திருப்பூர் போனேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் மனைவியிடம் காட்டினான். மீதிப் பணத்தைத் தொடவே இல்லை. “காசுக்கில்லடா. ஊரு ஊராப் போயி எல்லாரு பேரையும் எழுதுறவன், எம் பேர எழுதலையேன்னுதான்” என்றான். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, திருப்பூர்ப் பக்கத்தின் அடியில் பேனாவால் எழுதினேன். அவன் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஜிபேயில் வரும் மொய்க்குத் தனிப் பக்கம் போடுகிறோம். வீட்டுக்காரர் போனை அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் கையில் கொடுத்து எங்கள் பக்கத்திலேயே உட்கார வைக்கிறோம். பெயர் புரியாவிட்டால் அனுப்பியவருக்கே போன் போட்டு ஊரையும் அப்பா பெயரையும் கேட்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் ஒரு வீட்டில் எங்கள் கூலி 3,500 ரூபாயை ஜிபேயில் கொடுத்தார்கள். இருபது நாள் கழித்து எங்கள் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அனுப்பியவர் கணக்குக்கு யாரோ ஏமாற்றிய பணம் வந்ததாம், வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் கடிதமாம். வைகாசி முகூர்த்த நேரம். கூட வரும் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கைமாற்று வாங்கினோம். இரண்டு மாதம் நடந்து நடந்துதான் திறந்தது. 3,500 மீது சந்தேகம் என்றால் அந்த 3,500-ஐ நிறுத்தி வைக்கட்டும், உழைத்துச் சேர்த்த மொத்தத்தையும் பூட்டுவது என்ன நியாயம்?

சரி, உங்கள் விஷயம். ஊரிலிருந்து உங்கள் அம்மாவோ தம்பியோ போகிறார்கள் என்றால் கவரில் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுவதே நல்லது. கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு மணமக்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, எனவே ஜிபேயில் அனுப்பவும் பயப்பட வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் அனுப்பாதீர்கள், முந்தின நாளே அனுப்புங்கள். மாப்பிள்ளைக்கு இல்லை, அவர் அப்பாவுக்குப் போன் பண்ணி, “அப்பா, இன்ன ஊர், இன்னார் மகன், இவ்வளவு அனுப்பியிருக்கேன், நோட்டுல எழுதச் சொல்லுங்க” என்று வாயால் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.