தொலைதூர சூப்பர்நோவாவின் (வெடிக்கும் நட்சத்திரத்தின்) வெளிச்சத்தை ஈர்ப்பு வில்லை, அதாவது வழியில் உள்ள பொருளின் ஈர்ப்பு லென்ஸ் போல ஒளியை வளைப்பது, மாற்றிவிடும் என்றால், அதை வைத்துச் சொல்லும் தூரத்தை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் ஒற்றை சூப்பர்நோவாவை வைத்து அல்ல, நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்த்துப் பார்த்து.

1ஏ வகை சூப்பர்நோவாக்கள் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியை உமிழ்பவை. மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம். 1998-ல் வெளியான ஆய்வுகளில், தொலைவில் வெடித்தவை எதிர்பார்த்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல் மங்கலாக இருந்ததால்தான் பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்ற முடிவுக்கே வானியலாளர்கள் வந்தார்கள்.

வில்லை என்றதும் எல்லாமே பிரகாசமாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலான சூப்பர்நோவாக்கள் இதனால் கொஞ்சம் மங்கித்தான் போகின்றன. அவற்றின் ஒளி பெரும்பாலும் வெறுமையான வெளி வழியாக வருகிறது. பொருள் எங்கும் சீராகப் பரவியிருந்தால் எவ்வளவு குவியுமோ, அவ்வளவுகூட அங்கே குவிவதில்லை. ஏதாவது ஒரு கேலக்ஸியை உரசிக்கொண்டு வரும் சிலவற்றுக்கு மட்டும் ஒளி நன்றாகக் கூடுகிறது. மொத்த ஒளி எங்கும் தொலைவதில்லை என்பதால் சராசரி சரியாகவே இருக்கும். ‘இது அளவுக்கு மீறிப் பிரகாசம்’ என்று அந்தச் சிலவற்றைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால்தான் ஆபத்து. மிச்சமிருப்பவை எல்லாம் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் கணக்கு வரும்.

சரி, எவ்வளவு மாறும்? சிவப்புப் பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; அது கூடினால் தூரமும் அதிகம்) 1-ல், வில்லையால் பிரகாசம் கூடிக் குறையும் சிதறல் சுமார் 5 சதவீதம். 1998 ஆய்வுகளில் பார்த்தவை பெரும்பாலும் 0.5 பக்கம், அங்கே அதில் பாதிதான். எனவே அந்த முடிவு அசையவில்லை.

அபூர்வமாக வில்லை ஆளையே ஏமாற்றிவிடும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2010-ல் ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த பிஎஸ்1-10ஏஎஃப்எக்ஸ். அதன் பிரகாசத்தைப் பார்த்து, புதுவகை அதிஒளிர் சூப்பர்நோவா என்றே முதலில் எழுதினார்கள். வானியலாளர் ராபர்ட் குயிம்பி குழுவினர் அதன் நிறத்தையும், எத்தனை நாளில் பிரகாசம் ஏறி இறங்கியது என்பதையும் பார்த்தார்கள். வில்லை இந்த இரண்டையும் தொடாது; ஒளியின் அளவைத்தான் பெருக்கும். இரண்டுமே சாதாரண 1ஏ-வோடு பொருந்தின. வெளிச்சம் மட்டும் 30 மடங்கு! வெடிப்பு அடங்கிய பிறகு ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் நிறமாலை (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவு) எடுத்தபோது, பின்னால் இருந்த கேலக்ஸியின் ஒளியில் மறைந்திருந்த இன்னொரு கேலக்ஸி நமக்கும் அதற்கும் நடுவே இருப்பது தெரிந்தது. 2014-ல் அந்த முடிவு வெளியானது.