ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் இசைக்கலைஞர் உடல்நலம் கெடாமலும் கற்பனை வற்றாமலும் இருப்பது எப்படி?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு தெருக்கூத்து ஜமாவில் (குழுவில்) நான் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டும் பாடுகிறேன். ஆகவே இது விமானத்தில் சென்று கச்சேரி செய்பவரின் பதில் அல்ல. வேனில் ஆர்மோனியப் பெட்டிக்கும் வேஷப் பெட்டிக்கும் நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து போகிறவனின் பதில். பங்குனியில் தொடங்கி ஆடி முடியும்வரை எங்களுக்குப் பருவம். திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவில் பிற்பகலில் பாரதச் சொற்பொழிவும், இரவு 10 மணிக்கு மேல் விடியும்வரை கூத்தும் நடக்கும். வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாள்தோறும் ஒரு கதையாகப் போய், பதினெட்டாம் போரும் முடிந்து, காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி என்று ஓர் ஊர் நிறைவடையும்போது, கணியம்பாடியிலோ கலவையிலோ ஆரணியிலோ அடுத்த கோயிலில் கொடி ஏறியிருக்கும்.

"ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை, விரல் ஒரே தடத்தில் ஓடுகிறது" என்று கலைஞர்கள் சொல்லும்போது, அதில் பெரும்பகுதி தூக்கமின்மை என்பதே என் கருத்து. மீதிப் பகுதிக்குக் காரணம், மேடையில் வாசிப்பதையே சாதகம், அதாவது பயிற்சி, என்று எண்ணிக்கொள்வது. இந்த இரண்டையும் சரி செய்யாமல் தியானம், உடற்பயிற்சி என்று எதைச் சொன்னாலும் பயன் குறைவு.

முதலில் தூக்கம். இரவு முழுவதும் விழிப்பவருக்குப் பகலில் ஒரே நீட்டாக எட்டு மணி நேரம் உறங்கக் கிடைக்காது. அதிலும் அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும்போது, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பதினோரு மணிக்கு மேல் கண்ணை மூடுவதே கடினம். எனவே உறக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் வழி. விடிந்ததும் முகம் கழுவி, கண்ணின் மேல் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் ஒரு தூக்கம்; மாலையில் வெக்கை தணியும் நேரத்தில் இன்னொரு குட்டித் தூக்கம். கூத்தாடும் இடமான களரியில் மணிக்கொரு முறை தேநீர் வரும். குடித்த தேநீரின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது என்பதால், நள்ளிரவு 2 மணிக்குப் பிறகு வரும் டம்ளரை நான் பக்கத்தில் உள்ள மிருதங்கக்காரரிடம் தள்ளிவிடுவேன். (அவர் எத்தனை டம்ளர் குடித்தாலும் உறங்குவார், அது தனி வரம்.) விழித்திருப்பதற்காகச் சரக்கு அடிப்பவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. அது களைப்பை மறைக்குமே தவிரப் போக்காது. தாளம் நழுவுவதைக் குடித்தவர் மட்டும் கேட்கமாட்டார்.

கூத்து முடிந்த கையோடு வண்டியை எடுப்பதுதான் இந்தத் தொழிலில் உயிருக்கே ஆபத்தான பழக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். விடியற்காலை 4 மணி முதல் 6 மணி வரை உடல் தானாகவே உறக்கத்தைத் தேடும் நேரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் வேனை ஓட்டுவது என்னவென்று புரியும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஓட்டுநர் உறங்கி எழுந்த பிறகே புறப்படுவது என்பதை முன்பணம் வாங்கும்போதே விழாக் குழுவினரிடம் சொல்லிவிட வேண்டும்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே கைவைத்தியம் அதிகம், விளக்கம் குறைவு. பாடும்போது இடையிடையே குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய் வழியாகப் போகிறதே அல்லாமல் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. உடலில் நீர் ஏறி, அதன் வழியாகத்தான் அவை ஈரமாகின்றன. ஆகவே இரவுப் பாட்டுக்கான தண்ணீரைப் பிற்பகலிலிருந்தே குடித்து வர வேண்டும். தொண்டையைச் செருமுவதும் கனைப்பதும் குரல் நாண்களை ஒன்றோடொன்று மோதவிடுகின்றன. அதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கலாம். குரலுக்கு ஓய்வு தருகிறேன் என்று பகலெல்லாம் குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வு அல்ல. பேசாமல் இருப்பதே ஓய்வு. காலையில் குரல் கம்மியிருந்தால் இரவு பாடியதை மட்டும் காரணம் சொல்லக் கூடாது. கூத்து முடிந்ததும் ஊரார் அன்போடு பரிமாறுவதை வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பதால், இரைப்பை அமிலம் மேலே ஏறித் தொண்டையை அரிப்பதும் காரணமாக இருக்கலாம். விடியற்காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துத் தலைமாட்டை உயர்த்திப் படுத்துவிட்டு, களியையும் மல்லாட்டைத் (நிலக்கடலை) துவையலையும் மதியத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள்; பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் நாமோ மிளகும் பனங்கற்கண்டும் மென்றுகொண்டு ஆடி முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.

குரல் கெடுவதற்கும் காதுக்கும் தொடர்பு உண்டு. வாசிப்பவர்கள் உட்காரும் எங்கள் பெஞ்சின் இரு பக்கமும் மூங்கிலில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவர் தானாகவே கத்துவார். ஒலிபெருக்கியை எங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி திருப்பிக் கட்டச் சொன்னாலே பாதித் தொல்லை தீரும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை காது தாங்கும் என்பது கணக்கு; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிக்கொண்டே வந்து, 100 டெசிபலில் கால் மணி நேரமாகிவிடும். காதில் எப்போதும் இரைச்சல் கேட்கத் தொடங்கிய பிறகு சுருதி சேர்ப்பதே போராட்டம்.

இனிக் கற்பனை. களரியில் நாம் வெளியிடுவதெல்லாம் ஏற்கெனவே கையில் இருப்பதுதான். அங்கே பிழைக்கு இடமில்லாததால் விரல் பழகிய வழியிலேயே போகும். எனவே யாரும் கேட்காத அரை மணி நேரம் ஒன்று நாள்தோறும் வேண்டும். வேஷக்காரர்கள் அரிதாரம் பூச உட்காரும் நேரத்தில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போய்விடுவேன். துருத்தியை மெல்ல அசைத்து, வாய்க்குள்ளேயே பாடி, அன்றைக்கு ஒரு சிறிய கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வேன். அழுகை என்றால் விரல் தானாக முகாரி ராகத்துக்குப் போகிறதா, இந்த வாரம் முகாரியைத் தொடுவதில்லை. புலம்பலைச் சுபபந்துவராளியில் பாடிப் பார்ப்பது. எல்லா ஊரிலும் இதை வரவேற்பார்கள் என்று சொல்லமாட்டேன். "இன்னா வாத்தியாரே, முகாரிய ஊட்லயே உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று விடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுப் போனார். அவருக்காக மறுநாள் முகாரி பாடினேன். அது வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது.

பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் பேசும்போது போய் உட்கார்வதை நான் பெரிதாக மதிக்கிறேன். வில்லிபாரதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் உண்டு. அவர் ஒன்றைப் பாடிப் பொருள் சொல்லும்போது, இரவில் நாங்கள் ஆடப்போகும் அதே கட்டத்தில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு சொல் தட்டுப்படும். பகடை துகில் இரவில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன்பு கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்குவார். அதுவரை மிருதங்கமும் தாளமும் இடித்துக்கொண்டிருக்கும். திரௌபதி கண்ணனை அழைக்கும் இடத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் வழக்கம். பிரசங்கியார் ஒரு பிற்பகல் அந்த இடத்தில், அவள் சேலையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தலைக்கு மேல் குவித்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அன்றிரவு மற்றவர்களுக்குச் சாடை காட்டிவிட்டு, சட்ஜம் ஒன்றை மட்டும் அமுக்கிக்கொண்டு துருத்தியை ஏறக்குறைய நிறுத்தினேன். சின்ன நாகசுரம் போன்ற முகவீணை மட்டும் தனியே ஒலித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இப்போது எங்கள் ஜமாவில் அந்த இடம் அப்படித்தான்.

வீட்டைப் பிரிந்திருக்கும் வருத்தத்துக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. மாலைத் தூக்கம் கலைந்ததும் வீட்டுக்குப் பேசுவது என்று ஒரு நேரத்தை வைத்திருக்கிறேன். பிள்ளைகளும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள். பெட்டியையும் உடலைப் போலவே வெயிலிலிருந்து காக்க வேண்டும். வேனின் கூரைமேல் கட்டினால் துருத்தியின் ஒட்டு விட்டுப்போகும்.

பருவம் முடிந்ததும் முதல் சில நாட்கள் நான் பாடுவதே இல்லை. பிறகு வயதான வாத்தியார்களைத் தேடிப் போவேன். அவர்களுடைய கூத்து நோட்டுகளில் பாட்டு வரிகள் இருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு அவர்கள் தொண்டையில்தான் இருக்கிறது. கிருஷ்ணன் தூதில் இப்போது பாட ஆளில்லாமல் விட்டுவிட்ட தருக்கள் (கூத்துப் பாட்டுகள்) சிலவற்றை அவர்களைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறோம். வரும் பங்குனிக்குள் அவற்றில் இரண்டையாவது களரியில் ஏற்றும் அளவுக்குப் பழகிவிட வேண்டும் என்று இப்போது ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது.