டிக்கெட் குறைஞ்ச பெட்டியில ஜெயிக்கிற வாய்ப்பு கூடுமா?

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல இருக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: பார்ல புல்-டேப் டிக்கெட் (பட்டையைப் பிரிச்சா உள்ள பரிசு இருக்கா இல்லையான்னு தெரியுற காகிதச் சீட்டு) கொஞ்சம்தான் மிச்சம், பெரிய பரிசு இன்னும் விழலைன்னா அப்பதான் வாங்கணும்னு கூட வேலை பாக்குறவர் சொல்றாராம், அதே கணக்கு டேப்லெட் திரையில ஆடுற புல்-டேப்புக்கும் கேசினோ ஸ்லாட் மெஷினுக்கும் செல்லுமான்னு.

பேப்பர் டிக்கெட்டுக்கு அவர் சொல்றது சரிதான். ஸ்லாட்டுக்கு கொஞ்சம்கூட பொருந்தாது.

புல்-டேப்ங்கிறது ஃபேக்டரில அச்சடிக்கும்போதே முடிவான ஆட்டம். ஒரு செட்டுல எத்தனை டிக்கெட், அதுல எத்தனை பரிசு எல்லாம் அப்பவே ஃபிக்ஸ், கலைச்சுப் போட்டு அனுப்பிடுவாங்க. டிக்கெட் தள்ளுற மெஷினும் எதையும் முடிவு பண்றதில்ல, காசு போட்டா அடுக்குல அடுத்தது எதுவோ அது வரும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு 1 டாலர் டிக்கெட் 2000, மொத்தப் பரிசு 1600 டாலர்னு வச்சுக்கோங்க. முழுசையும் நீங்களே வாங்கினா 400 டாலர் நஷ்டம் உறுதி. ஆனா 1700 வித்துப்போயி, 200 டாலர் பரிசு ரெண்டு இன்னும் உள்ளேயே இருந்தா, மிச்ச 300 டிக்கெட்டுக்கு குறைஞ்சது 400 டாலர் இருக்கு, அப்போ டிக்கெட்டோட சராசரி மதிப்பு விலையையே தாண்டுது. பெரிய பரிசெல்லாம் ஆரம்பத்துலயே போயிட்டா மிச்சமிருக்குறது வெறும் சக்கை.

இதுலயும் சிக்கல் இருக்கு. அந்த 300ல 298 டிக்கெட்டுல பெரிய பரிசு கிடையாது, அதனால நாலஞ்சு டிக்கெட் வாங்குறவருக்கு பெரும்பாலும் கையில ஒண்ணும் நிக்காது. எந்தப் பரிசு போயிருச்சுன்னு பார்ல இருக்குற போர்டுல அடிச்சுக் காட்டுறதும் யாராவது டிக்கெட்டைக் கொண்டுவந்து காசு வாங்குனப்புறம்தான், ஜெயிச்ச டிக்கெட் பக்கத்து டேபிள்காரர் பாக்கெட்லயே இருக்கலாம், உங்களுக்கு எப்படித் தெரியும்?

டேப்லெட் புல்-டேப்புக்கு மினசோட்டா 2012ல அனுமதி கொடுத்துச்சு, வைக்கிங்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு ஸ்டேடியம் கட்டுற செலவுல மாநிலத்தோட பங்குக்கு காசு வேணும்னுதான். இதுலயும் முன்னாடியே முடிவான செட்டுதான், திரையில ஓடுற படமும் சத்தமும் ரிசல்ட்டை மாத்தாது. ஆனா பேப்பர் டிக்கெட் மாதிரி கண்ணு முன்னாடி பெட்டி காலியாகுறதை இங்க பார்க்க முடியாது.

ஸ்லாட் மெஷின் வேற ஜாதி. உள்ள ஸ்டாக்குனு ஒண்ணும் கிடையாது, ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர், அதாவது கணிக்க முடியாத நம்பரா உருவாக்குற புரோகிராம், நிக்காம ஓடிட்டே இருக்கும், நீங்க பட்டனை அழுத்துற கணத்துல வர்ற நம்பர்தான் முடிவு. நேத்து முழுக்க ஜாக்பாட் விழலைன்னாலும் இன்னைக்கு வாய்ப்பு அதேதான். இன்கே டெல்னஸ்ங்கிறவர் 1984ல பேட்டன்ட் வாங்குன முறையில, கண்ணுக்குத் தெரியிற ரீலுக்கு (படங்கள் சுத்துற சக்கரம்) பின்னாடி கம்ப்யூட்டர்ல ரொம்பப் பெரிய ரீல் ஒண்ணு இருக்கும், ஜாக்பாட் படத்துக்கு அதுல ரொம்ப கம்மியான நம்பரும் அதுக்குப் பக்கத்து வெற்றிடத்துக்கு நிறைய நம்பரும் ஒதுக்க முடியும். அதனால "ஒரு இஞ்ச்சுல போச்சே"ன்னு அடிக்கடி தோணும், நெருங்கவே இல்லைங்கிறதுதான் உண்மை.

அடுத்த தடவை நண்பர் கூப்பிட்டா கவுண்டர்ல ரெண்டே கேள்வி கேளுங்க: எத்தனை டிக்கெட் மிச்சம், இந்தப் பெட்டியில ஒரே செட்டுதானா, இல்ல வேற செட்டும் கலந்திருக்கா. தெளிவா பதில் வரலைன்னா மேல சொன்ன கணக்கைப் போடவே முடியாது, அன்னைக்கு வாங்காதீங்க.