கேமரா கொஞ்சம் பொறுக்கட்டும், தம்பி

தம்பிக்கு,

போன வாரம் நீயும் அம்மாவும் வந்து போனதிலிருந்து, உன் கைபேசியில் பார்த்த அந்தப் படம் மனதை விட்டுப் போகவில்லை. பக்கவாதம் வந்து முடங்கிய அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, சரியாக இயங்காத வலது கையால் ரப்பர் பந்தைப் பிடித்து அழுத்துகிறார். படத்தில் முகம் இல்லை, கை மட்டும்தான். விரல்கள் பந்தை முழுசாக மூடவில்லை. அந்த இடைவெளியில் காலை வெளிச்சம் விழுகிறது. தற்செயலாக அமைந்ததா என்று கேட்டேன். "மூணு நாள் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன் சார்" என்றாய். அதைச் சொன்னபோது அம்மா உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ கவனிக்கவில்லை.

நீ கேட்டது இரண்டு கேள்விகள். கடைசி வருடப் படிப்பை நிறுத்தட்டுமா? தவணையில் கேமரா வாங்கட்டுமா? இரண்டுமே வேண்டாம். புகைப்படத் துறைக்கு வரலாமா என்று நீ கேட்கவில்லை. அதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாய். அந்த முடிவுக்கு நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. மூன்று நாள் ஒரே இடத்தில் காத்திருக்கிற பொறுமை உள்ளவனுக்கு இந்த வேலையில் இடம் இருக்கிறது. ஆனால் வருகிற வழியை மாற்றிக்கொள்.

தவணைக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண், இன்று எனக்கு இளம் தோழி மாதிரி. அப்பா இல்லாத வீடு, பாதியில் நின்ற படிப்பு. கடன் வாங்கி நல்ல கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கிவிட்டுத்தான் ஆலோசனைக்கு வந்தாள். மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும். அதனால் எந்த ஆர்டர் வந்தாலும் மறுக்க முடியவில்லை. அடிமட்ட விலைக்கு விசேஷங்கள் எடுத்தாள், பேசிய பணத்தில் பாதி கைக்கு வரவில்லை, தூக்கம் போனது. எட்டாவது மாதம் கேமராவை விற்றுத்தான் கடனை அடைத்தாள். அன்று அவள் அழுதது பணத்துக்காக இல்லை. அந்த எட்டு மாதத்தில் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதற்காக.

அதன் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். கேமராவைத் தொடாமல் இரண்டு வருடம். நகை, பாத்திரம், செருப்பு என்று பிறர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் தேவையில்லாத நிழலை அழிப்பது, நிறத்தைச் சரிசெய்வது, பின்னணியை வெட்டி எடுப்பது. எந்த விளக்கு எங்கே இருந்ததால் இந்தத் தப்பு வந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்லும் அளவுக்குக் கண் பழகிவிட்டது. இணையத்தில் விற்கிறவர்களுக்குப் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுக்க இன்று அவளிடம் சொந்தமாக ஒரு சிறிய அறை இருக்கிறது. கேமரா பழையது, பணம் கொடுத்து வாங்கியது, கடன் இல்லை.

உன் வீட்டு நிலைமையில் நான் முதலில் பார்ப்பது அப்பாவின் மருந்துச் செலவு. இரவில் நீ பில் போடுகிற வேலையில் வரும் சம்பளம் அதற்குப் போகிறது. அது அப்படியே போகட்டும். அதிலிருந்து ஒரு பைசாவும் கேமராவுக்கு எடுக்காதே. புகைப்படத்துக்கு ஆகும் செலவு புகைப்படத்திலிருந்தே வர வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் வீட்டில் யாரும் உன் ஆசையைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்காது.

அந்தக் காசு எங்கிருந்து வரும்? வார இறுதிகளில் ஒரு புகைப்படக்காரரிடம் அசிஸ்டென்டாகப் போ. விளக்கு ஸ்டாண்டைத் தூக்குவது, ஒயர் யார் காலிலும் தட்டாமல் ஒட்டுவது, பேட்டரி சார்ஜ் போடுவது, மெமரி கார்டை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் அழிப்பது. உனக்கு இதெல்லாம் எடுபிடி வேலையாகத் தெரியலாம். பதற்றத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை ஒருவர் எப்படிச் சிரிக்க வைக்கிறார், மழை வந்தால் என்ன செய்கிறார், பாக்கிப் பணத்தை எப்படிக் கேட்கிறார் என்பதையெல்லாம் வேறு எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். விக்கி ராய் என்ற புகைப்படக் கலைஞரைப் பற்றித் தேடிப் படித்துப் பார். 11 வயதில் வீட்டை விட்டு ஓடிவந்து, புதுடெல்லி ரயில் நிலையத்தில் குப்பை பொறுக்கிய பையன். தெருப் பிள்ளைகளுக்கான தொண்டு அமைப்பான சலாம் பாலக் டிரஸ்ட் அவரை எடுத்து வளர்த்தது. அனய் மான் என்ற புகைப்படக் கலைஞரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 2007ஆம் ஆண்டு முதல் தனிக் கண்காட்சி வைத்தார்; தெருவில் தன்னைப் போல வளர்ந்த பிள்ளைகள்தான் அதில் இருந்தார்கள்.

இன்னொருவர் கார்டன் பார்க்ஸ். 1912இல் அமெரிக்காவின் கான்சாஸில், 15 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த கறுப்பினத்தவர். பதின்வயதில் தாயை இழந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். ரயிலில் பரிமாறுகிற வேலையில் இருந்தபோது ஒரு பத்திரிகையில், பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலையும் உழவர்களின் படங்களைப் பார்த்தார். 25 வயதில் அடகுக் கடையில் ஒரு பழைய கேமரா வாங்கினார். 1942இல் வாஷிங்டனில் அரசின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தபோது, அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் அவரிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா? கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்து வா என்பதுதான். கறுப்பர் என்பதால் கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் அவமானப்பட்டுத் திரும்பினார் பார்க்ஸ். பிறகு அதே கட்டடத்தில் தரை துடைக்கும் எலா வாட்சன் என்ற பெண்ணோடு பேசினார். துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடியின் முன் அவர் நிற்கும் படம்தான் எல்லோருக்கும் தெரியும். அதோடு பார்க்ஸ் நிறுத்தவில்லை. வாட்சனின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய், பேரப்பிள்ளைகளோடு அவர் இருப்பதையும் எடுத்துக்கொண்டே இருந்தார். 1948இல் 'லைஃப்' பத்திரிகையின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரராகச் சேர்ந்தார்.

உனக்கு இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், உன் எலா வாட்சன் உன் வீட்டிலேயே இருக்கிறார். அப்பாவின் கையைப் படம் எடுத்துவிட்டாய். அவர் சட்டைப் பித்தானோடு போராடுவது, அம்மா அவரைத் தாங்கி எழுப்புவது, அப்பா தனியாக முதன்முதலாகக் கதவைத் திறப்பது, இவற்றையும் எடு. எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவரிடம் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். எடுத்ததை அவரிடம் காட்டு. ஒரு வருடம் தொடர்ந்தால், 15 படங்களோடு நீ எந்தப் பத்திரிகை ஆசிரியர் முன்னாலும் போய் உட்காரலாம். சுற்றுலாத் தலத்துச் சூரிய அஸ்தமனங்கள் நூறு இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

அதற்கு உன் கைபேசி போதும். வெளிச்சத்தைக் கற்றுக்கொள்ளவும் அதுவே போதும். இருட்டறையில் ஒரே ஒரு குண்டு பல்பை வைத்து, தங்கையை ஒரு மீட்டரில் நிற்க வைத்து எடு. பிறகு இரண்டு மீட்டருக்கு நகர்த்து. வெளிச்சம் பாதியாகும் என்று நினைப்பாய், கால் பங்காகிவிடும். நான்கு மீட்டரில் 1/16. விளக்கை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பின்சுவர் தானாக இருண்டு போவது இதனால்தான். அடுத்து, நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துப் பார். இதை ஒரு மாதம் செய்தவன், விளக்குகளுக்கு நடுவே போய் நின்றால் தடுமாற மாட்டான். திருத்துவதற்கு டார்க்டேபிள், ஜிம்ப் என்ற இரண்டு மென்பொருட்களும் இலவசம். கல்லூரிக் கணினியிலேயே பழகலாம்.

சேர்ந்த காசில் கேமரா வாங்கும் நாள் வரும்போது பழையதையே பார். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, f/16 என்ற சிறிய அளவில் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், படம் பதியும் சென்சாரில் உள்ள தூசி தெரியும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போல ஃபங்கஸ் இருக்கிறதா என்று பார். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கேமரா பாடிக்குக் குறைவாகவும் லென்ஸுக்கு அதிகமாகவும் செலவு செய். 50 மிமீ f/1.8 லென்ஸ் ஒன்று நீண்ட நாள் உழைக்கும்.

படிப்பு. நீ வணிகவியல் மாணவன். கணக்கும் ஒப்பந்தமும் உனக்குப் புரியும். பல நல்ல புகைப்படக்காரர்கள் தொழிலில் நொடித்துப் போவது படம் எடுக்கத் தெரியாமல் இல்லை, பில் எழுதத் தெரியாமல். காசு வாங்கி எடுத்துக் கொடுக்கும் படத்தின் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. எனவே எத்தனை படம், எந்த நாளில், எதற்குப் பயன்படுத்தலாம், அட்வான்ஸ் எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கு. பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ பொருளாதாரம் படித்து, அந்த வேலையில் இருந்துவிட்டு, 1973இல்தான் முழுநேரப் புகைப்படக்காரர் ஆனார். அப்போது அவருக்கு 29 வயது. பின்னாளில் உலகம் முழுக்கத் தொழிலாளர்களை அவர் படம் எடுத்தபோது, படித்த பொருளாதாரம் கூடவே வந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. யாரோ இருவர் கைகுலுக்குவது போன்ற பொதுவான படங்களை விற்றுப் பிழைப்பதை நம்பாதே; அந்தச் சந்தை கையைவிட்டுப் போகிறது. நடந்ததை நடந்தபடி எடுத்தவருக்கு வேலை இருக்கும். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக் கோப்பையே, அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தாத கோப்பையே, கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள். உன் மூலக் கோப்புகளை அழிக்காதே. நுழைவுக் கட்டணம் கேட்டு, படத்தின் உரிமையையும் எழுதி வாங்கும் போட்டிகள் பக்கம் போகாதே.

இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

அம்மா, உங்கள் பயம் தப்பில்லை. வீட்டில் ஒருவர் விழுந்துவிட்ட பிறகு இன்னொருவரும் தடுமாறிவிடக் கூடாதே என்ற பயம் அது. பையனிடம் "இது சோறு போடுமா" என்று கேட்காதீர்கள். அதற்கு இன்று அவனிடம் பதில் இல்லை, கேட்டால் வாயை மூடிக்கொள்வான். மாதம் ஒருமுறை இதைக் கேளுங்கள்: இந்த மாதம் யாரிடம் வேலைக்குப் போனாய், என்ன கற்றாய், எவ்வளவு வந்தது? படிப்பு முடிந்து இரண்டு வருடம் அவனுக்குக் கொடுங்கள். அதற்குள் புகைப்படத்திலிருந்து வருவது அவன் கைச்செலவைக்கூடத் தாண்டவில்லை என்றால், முழுநேர வேலைக்குப் போய்க்கொண்டே படம் எடுக்கட்டும். அதை அவனிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, அடுத்த மாதம் வரும்போது கைபேசியை நீட்டாதே. 12 படங்களைச் சின்ன அளவில் பிரின்ட் போட்டுக் கொண்டு வா. முடிந்தால் அப்பாவையும் அழைத்து வா. கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்து பேசலாம். படங்களை மேசையில் பரப்பி வைப்போம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முதலில் அவர் எடுத்து வைக்கட்டும்.