வீட்டுக்காவலுக்கு ஒரு வீடு வேண்டும்

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் ரோம் நகரைப் பற்றி எழுதும்போது ரெஜினா சேலி சிறையைக் கடந்து போகிற இடத்தில், 'இத்தாலியில் சிறைகள் பிதுங்கி வழிகின்றன' என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்தியில் சாப்பாட்டுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பணக்கார ஐரோப்பிய நாட்டில் ஏன் இந்த நிலை? குற்றம் பெருகிவிட்டதா? வெளிநாட்டவர் வரத்துதான் காரணமா (வாட்ஸப்பில் அப்படித்தான் வருகிறது)? புதிதாக நாலு ஜெயில் கட்டினால் தீராதா? நெதர்லாந்தில் ஆளில்லாமல் சிறைகளை மூடுகிறார்கள் என்றும் படித்தேன். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: தப்பு செய்தவன் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு படுத்தால்தான் என்ன?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

கோபமெல்லாம் இல்லை. நிறையப் பேர் மனதில் இருப்பதை நீங்கள் எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

'கொஞ்சம் நெருக்கி' என்றால் எவ்வளவு? 2013 ஜனவரி 8 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராக ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்ட ஏழு பேரில் முதல் பெயர் தொர்ரெஜ்ஜானி, அதனால் வழக்குக்கும் அதே பெயர். புஸ்தோ ஆர்சீத்சியோ, பியாச்சென்சா என்ற இரண்டு வடக்கத்திய ஊர்களின் சிறைகளில் இருந்தவர்கள் அவர்கள். 9 சதுர மீட்டர் செல்லில் மூன்று பேர். நம் பத்துக்குப் பத்து அறையைவிடச் சற்றே சிறியது. ஆளுக்கு 3 சதுர மீட்டர், அதிலும் கட்டிலும் அலமாரியும் போக நிற்க என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பியாச்சென்சாவில் வெந்நீர்த் தட்டுப்பாடு வேறு. இது மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று நீதிமன்றம் சொல்லி, ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சம் யூரோவை ஒட்டி இழப்பீடு கொடுக்க வைத்து, ஓராண்டுக்குள் நாடு முழுக்கச் சரிசெய்ய வழி காட்டு என்றும் கெடு விதித்தது.

இதற்குப் பிறகு இத்தாலிய நீதிமன்றங்களில் பல வருடம் நடந்த சண்டை எதைப் பற்றித் தெரியுமா? அந்த 3 சதுர மீட்டரில் கட்டில் அடைத்துக்கொண்ட இடத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று. அடுக்குக் கட்டில் தரையோடு பொருத்தியது போலத்தான், அதை எளிதில் நகர்த்த முடியாது, ஆகவே அந்த இடம் கணக்கில் வராது என்று 2020-இல்தான் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. இத்தாலியச் சிறைகளில் கைதிகள் செல்லுக்குள்ளேயே சின்ன கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ளலாம், பல செல்களில் அந்த அடுப்பு இருப்பது கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில், வேறு இடம் இல்லாததால். ஆகஸ்டு மாதம் வகுப்புகளும் பயிற்சிகளும் நின்றுபோகும், தன்னார்வலர்கள் வரத்தும் குறையும், வெயில் மட்டும் குறையாது. 2024-இல் அந்த நாட்டுச் சிறைகளில் 80-க்கும் மேற்பட்ட கைதிகள் தற்கொலை செய்துகொண்டார்கள், காவலர்களிலும் சிலர். 'நெருக்கிப் படுத்தால் என்ன' என்பதற்கு இதுதான் என் பதில்.

சரி, குற்றம் பெருகியதா? இங்கேதான் விஷயம் சுவாரசியம். 1990-ஆம் ஆண்டின் கடைசியில் இத்தாலியில் கைதிகள் சுமார் 26,000 பேர். 2024 கடைசியில் ஏறத்தாழ 62,000. இதே காலத்தில் கொலைகளின் எண்ணிக்கை 1991-இல் 1,900-க்கு மேல் இருந்தது, இப்போது ஆண்டுக்கு 350-க்கும் கீழே. கொலை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது, சிறைக்கூட்டம் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. சிறையில் எத்தனை பேர் என்பதை ஊரில் எத்தனை திருடன் என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை, நாடாளுமன்றம் என்ன சட்டம் போடுகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

இதற்கு 2006-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஜூலையில் இத்தாலி 'இந்துல்தோ' என்ற பொதுத் தண்டனைக் குறைப்பைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில குற்றங்கள் நீங்கலாக, மே மாதத்துக்கு முன் குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனையில் மூன்று வருடம் வரை தள்ளுபடி. ஜூன் கடைசியில் 61,264 பேர் இருந்த சிறைகளில் டிசம்பர் கடைசியில் 39,005 பேர். ஐரோப்பாவில் இவ்வளவு வேகமாகச் சிறை காலியானது அபூர்வம். ஆனால் 2010 கடைசியில் பார்த்தால் 67,961. நான்கே வருடத்தில் முன்பைவிட அதிகம்!

எப்படி? அதே 2006 பிப்ரவரியில், வேறொரு அரசு இருந்தபோது, ஒரு போதைப்பொருள் சட்டம் வந்திருந்தது. கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே தட்டில் வைத்து 6 முதல் 20 வருடம் வரை தண்டனை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மறுபடி குற்றம் செய்பவர்களுக்குக் கடுமையைக் கூட்டிய இன்னொரு சட்டம். ஜூலையில் ஒரு கதவைத் திறந்தார்கள், பிப்ரவரியில் திறந்துவிட்ட மற்ற கதவை யாரும் மூடவில்லை. மன்னிப்புக்குப் பிறகு திருட்டு, வழிப்பறி கூடியதாகவும் பொருளாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதை மறைத்துவிட்டு நான் வாதம் செய்ய மாட்டேன். ஒரே நாளில் கூட்டமாக வெளியே விட்டுவிட்டு வேலைக்கும் தங்குமிடத்துக்கும் ஒன்றும் செய்யாவிட்டால் வேறென்ன நடக்கும்? அரசியல்வாதிகள் இதிலிருந்து கற்ற பாடம் வேறு, மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்பது. எடுத்தாலும் சுலபமில்லை, 1992-இல் மாற்றிய அரசியல் சட்டப்படி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2006-க்குப் பிறகு இன்றுவரை அது நடக்கவில்லை.

புதிய ஜெயில் பற்றி. 2010 ஜனவரியில் அவசர நிலை என்றே அறிவித்து, பெரிய கட்டுமானத் திட்டத்தை அரசு முன்வைத்தது. அப்போது அதிகாரபூர்வ இடம் சுமார் 45,000. 2024-இல் 51,000-சொச்சம், அதிலும் பழுது, பராமரிப்பு என்று மூடிக்கிடப்பவை போக உண்மையில் பயன்படுவது 47,000 அளவில்தான். இத்தாலி இடத்தைக் கணக்கிடும் முறை தாராளமானது (முதல் கைதிக்கு 9 சதுர மீட்டர், கூட இருப்பவர் ஒவ்வொருவருக்கும் 5), அதனால் நெரிசல் பெரிதாகத் தெரிகிறது என்று அரசுத் தரப்பு சொல்வதுண்டு. அதில் நியாயம் உண்டு. ஆனால் 600-சொச்சம் பேருக்கான ரெஜினா சேலியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருப்பதை எந்தக் கணக்கிலும் சுருக்கிவிட முடியாது. அது 17-ஆம் நூற்றாண்டில் கன்னிமாடமாகக் கட்டிய கட்டடம் வேறு. மேலே ஜனிக்கோலோ குன்றில் நின்று உறவினர்கள் உள்ளே இருப்பவருக்குச் சேதி கத்திச் சொல்வது பழைய ரோமாபுரி வழக்கம், குழந்தை பிறந்தது, அம்மா தேறிவிட்டாள், இப்படி.

கட்டாமலே குறைத்த காலமும் இருக்கிறது, ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புக்குப் பின் வந்த இரண்டு வருடங்கள். நல்ல நடத்தைக்கு ஆறு மாதத்துக்கு 45 நாள் கழிப்பதைத் தற்காலிகமாக 75 ஆக்கினார்கள். சின்னக் குற்றங்களுக்கு விசாரணையை நிறுத்தி, சமூக வேலையும் கண்காணிப்பும் வைக்கும் முறை பெரியவர்களுக்கும் வந்தது. அந்த 2006 போதைப்பொருள் சட்டத்தை 2014 பிப்ரவரியில் அரசியல் சட்ட நீதிமன்றமே ரத்து செய்தது. 2013 கடைசியில் 62,536 பேர், 2015 கடைசியில் 52,164. ஸ்ட்ராஸ்பர்க் கண்காணிப்பு 2016-இல் முடிந்தது. அதற்கு முன்பே 75 மறுபடி 45 ஆகிவிட்டது, எண்ணிக்கையும் ஏறத் தொடங்கியது. கொரோனா வருடத்தில் கொஞ்சம் இறங்கியது, அப்புறம் மறுபடி ஏற்றம்தான்.

வெளிநாட்டவர் விஷயம். கைதிகளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அவர்கள்தான், உண்மை. ஆனால் 2010-இல் சுமார் 25,000 வெளிநாட்டுக் கைதிகள் இருந்தார்கள், இப்போது 20,000-ஐ ஒட்டி. இந்த இடைவெளியில் நாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டவர் தொகை கூடித்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் இந்தப் பாதி வராது.

அவர்கள் ஏன் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக உள்ளே இருக்கிறார்கள்? தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இன்னும் பாக்கி மூன்று வருடத்துக்கும் குறைவு. நாலு வருடத்துக்குள் என்றால் வெளியே கண்காணிப்பில் கழிக்க அனுமதி கேட்க இத்தாலியச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நீதிபதி முதலில் கேட்பது முகவரி. வீட்டுக்காவலில் இருக்க ஒரு வீடு வேண்டும், கண்காணிப்பில் இருக்க ஒரு வேலையாவது வேண்டும். மொராக்கோவிலிருந்து தனியாக வந்து ரயில் நிலையத்தில் படுத்த பையனுக்கும், குடும்பம் கைவிட்ட போதை அடிமைக்கும், மனநோயாளிக்கும் அது கிடையாது. அதே தண்டனை பெற்ற, சொந்த வீடுள்ள ஆள் வீட்டில் உட்கார்ந்து கழிக்கிறான். இன்று இத்தாலியில் சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம். ஆனாலும் உள்ளே குறையவில்லை, ஏனென்றால் அந்த வழியில் போகிறவர்களும் செல்லில் மிஞ்சுகிறவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. இந்தச் சிக்கலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

நெதர்லாந்து கதை பழசு. ஒரு காலத்தில் பெல்ஜியத்துக்குத் தில்பர்க் சிறையையும் நார்வேக்கு ஃபேன்ஹவுசனில் ஒரு சிறையையும் வாடகைக்கு விட்டது நிஜம். ஆனால் சிறைகளை மூடி ஆட்களைக் குறைத்த பிறகு இப்போது அங்கேயும் செல்லும் ஊழியரும் போதாமல் சில நாள் முன்கூட்டி விடுதலை செய்கிறார்கள். இங்கிலாந்து 2024 செப்டம்பரில் பலரைத் தண்டனையில் 40 சதவீதம் முடிந்ததுமே விட்டது.

என்னதான் செய்யலாம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். அந்த 45 நாளை 60 ஆக்கலாம், வீடில்லாத கைதிகளுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யலாம். இரண்டும் புதிய சிறை கட்டுவதைவிட மலிவு. முதலாவதற்கு ரொபெர்தோ ஜாக்கெத்தி என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு முன்வரைவு கொடுத்திருந்தார். 2024 கோடையில் அவையில் அதை ஓட்டுக்கு விடாமல் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.