சேலத்தில் இருந்துகொண்டு தீயணைப்பு வீரராகவோ தன்னார்வலராகவோ ஆக எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேட்டவர் தமக்கு வயது 22 என்றும், பி.காம். முடித்து அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுவதாகவும், ஏற்காட்டு மலைச்சரிவு எரிவதை மாடியிலிருந்து பார்த்த இரவில் இந்த எண்ணம் வந்ததாகவும் எழுதியிருக்கிறார். தேர்வில் தேறிப் பணியில் இருப்பவர் யாராவது பதில் எழுதட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். யாரும் எழுதாததால், தோற்றவனாகிய நான் எழுதுகிறேன்.

முதலில் விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பாளர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம்தான் ஆள் எடுக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணிகளோடு சேர்த்தே அறிவிப்பு வரும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 31. எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் முதன்மைத் தாளைத் திருத்துவார்கள். முதன்மைத் தாளுக்கு 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24, என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். பிறகு கயிறு ஏறுதல், நீளத் தாண்டுதல் அல்லது உயரத் தாண்டுதல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம். நீங்கள் பட்டதாரி என்பதால், காவல் உதவி ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து நிலைய அலுவலர் பணிக்கு அறிவிப்பு வரும்போது அதற்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட அலுவலர் பணி குரூப் 1 வழியாக நிரப்பப்படுகிறது. மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் 2003-இல் அந்த வழியாகத்தான் இத்துறைக்குள் அலுவலர்களாக வந்தார்கள்.

இவ்வளவும் எந்தப் பயிற்சி மையத்தின் துண்டறிக்கையிலும் கிடைக்கும். எனக்கு நேர்ந்தது அதில் கிடைக்காது.

எனக்கு இப்போது 41 வயது. கன்னங்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். 24 வயதில் உடல்திறன் தேர்வுக்காகக் குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானத்தில் போய் நின்றபோது, அதற்கு முந்தைய ஏழு மாதங்கள் காந்தி மைதானத்தில் விடியற்காலை ஓடி ஓடிக் காலைத் தேய்த்திருந்தேன். ஓட்டத்தில் குறித்த நேரத்திற்கு வெகு முன்பாகவே வந்துவிட்டேன். மாலையில் அம்மாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட மனத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அதன் பிறகு கயிற்றின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அந்த நாள் வரை நான் ஒரு கயிற்றைத் தொட்டு ஏறியதே இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தென்னை மரம் ஏறத் தெரிந்தவனுக்குக் கயிறு ஒரு பொருட்டா என்று நினைத்திருந்தேன். மரம் நகராது, கயிறு நம்மைச் சுற்றிவிடும். கால்களுக்கிடையே கயிற்றைப் பூட்டி, பாரத்தைக் காலில் இறக்கிவிட்டுக் கையை மேலே மாற்ற வேண்டும் என்ற எளிய உத்தி தெரியாமல், முழு உடம்பையும் கையாலேயே இழுத்தேன். பாதி உயரம் தாண்டியதும் தோளுக்குக் கீழே கை இருப்பதே தெரியவில்லை. வழுக்கி இறங்கியதில் இரண்டு உள்ளங்கைத் தோலும் உரிந்தது. எனக்கு முன்னால் ஏறிய ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓட்டத்தில் எனக்கு வெகு பின்னால் வந்தவன். அவன் சிரித்துக்கொண்டே உச்சியைத் தொட்டு இறங்கினான். யார் மீதும் குறை சொல்ல இடமில்லை. நடத்தியவர்கள் நியாயமாகவே நடத்தினார்கள். நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, வராததைத் தொடாமல் விட்டது என் தவறு. ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை, காலணி வாங்குவதற்கு முன் கயிறு வாங்குங்கள் என்பதுதான். நல்ல புளியங்கிளை ஒன்று போதும்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் இந்நேரம் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். தோற்ற ஆற்றாமையில், "பயர் அண்ட் சேஃப்டி" டிப்ளமோ படித்தால் அரசுத் தீயணைப்புத் துறையில் முன்னுரிமை உண்டு என்று சொன்ன ஒரு தனியார் நிலையத்தில், அம்மாவின் கம்மலை அடகு வைத்து 28,000 ரூபாய் கட்டினேன். தீயணைப்பாளர் தேர்வுக்கு அந்தப் படிப்பு தேவையும் இல்லை, அதற்கென்று ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஓராண்டு முழுவதும் விறகு, துணி எரிந்தால் ஒரு வகை, எண்ணெய் எரிந்தால் ஒரு வகை, வாயு எரிந்தால் ஒரு வகை என்று ஏட்டில் எழுதினோம். வகுப்பறைச் சுவரில் தீயணைப்பான் ஒன்று தொங்கியது. படிப்பு முடியும் வரை ஒரு மாணவன்கூட அதன் ஊசியை உருவியதில்லை. உருவினால் மறுபடி நிரப்பச் செலவாகும் என்று ஆசிரியரே சொன்னார். எல்லா நிலையங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலைக்குப் போக விரும்புகிறவருக்கு முறையான அங்கீகாரம் பெற்ற படிப்பு உதவும். ஆனால் அரசுத் தீயணைப்புப் பணிக்கு இது குறுக்குவழி என்று யார் சொன்னாலும், "எந்த அறிவிப்பில், எந்தப் பத்தியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். கம்மல் மீண்டு வர நான்கு ஆண்டுகள் ஆயின.

இனித் தன்னார்வம். அமெரிக்காவில் தீயணைப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள்; வேறு வேலை பார்த்துக்கொண்டே, அழைப்பு வந்தால் வண்டியில் ஏறுவார்கள். அதைப் படித்துவிட்டு நம்மூரிலும் ஊருக்கு ஊர் அப்படி ஒரு படை இருக்கும் என்று தேடினால் ஏமாற்றம்தான் வரும். இங்கே நிலையமும் வண்டியும் ஆளும் துறையுடையவை. நம்மைப் போன்றவர்கள் அதன் ஓரத்தில் நின்று செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. அந்த ஓரம் எங்கே முடிகிறது என்பதை நான் என் வலது முழந்தாளுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து மதியம், அடிவாரத்துக்கு மேலே மலைப்பாதையை ஒட்டிய சரிவில் புகை கிளம்பியது. மாசி, பங்குனியில் அந்தச் சரிவு முழுக்கக் காய்ந்த புல்லும் மூங்கில் சருகும் உண்ணிச்செடியுமாக இருக்கும். ஒரு பீடித் துண்டு போதும். வனக்காப்பாளர் ஒருவர் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு நானும் நான்கு பேரும் போனோம். காட்டுத் தீக்குத் தண்ணீர் வண்டி பெரும்பாலும் பயன்படாது. சாலையை விட்டு அது ஏறாது. பச்சைத் தழைக் கொத்தை ஒடித்து, நெருப்பின் விளிம்பை அடித்துக்கொண்டே போக வேண்டும். அல்லது சற்றுத் தள்ளிப் புல்லையும் சருகையும் வழித்து மண் தெரிய ஒரு கோடு எடுக்க வேண்டும். அரை மணி நேரம் ஒழுங்காக அடித்தேன். பிறகு, டிப்ளமோ படித்தவன் என்ற தலைக்கனமோ, அன்று ஏற முடியாமல் போன கயிற்றை இன்று ஏறிவிட வேண்டும் என்ற வீம்போ தெரியவில்லை, நெருப்பை மேலே போய் முன்னாலிருந்து மறிக்கலாம் என்று தனியாகச் சரிவில் ஏறினேன்.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரைவாகப் பாயும். கீழே எரியும் தழல், மேலே இருக்கும் புல்லை, தான் வந்து தொடுவதற்கு முன்பே வாட்டி வைத்துவிடுகிறது. மதிய நேரத்தில் காற்றும் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசும். என்னுடைய ஏட்டில் இந்த இரண்டு வரியும் இல்லை. ஐம்பது அடி ஏறியிருப்பேன், கீழே சடசடவென்று மூங்கில் வெடித்தது. திரும்பிப் பார்த்தால் புகைக்குள் நான் வந்த வழியே காணவில்லை. மேலே ஓடலாம் என்று கால் எடுத்தபோது, மலைக் கிராமத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் பக்கவாட்டிலிருந்து, "தம்பி, மேல ஓடாத! வெந்த காட்டுக்குள்ள வா!" என்று கத்தினார். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தில் நெருப்புக்குத் தின்ன ஒன்றுமில்லை. அங்கே போய் நிற்பதுதான் வழி. நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, விளிம்பில் தழல் தணிந்திருந்த ஓரிடத்தில் அவரே தாண்டி வந்து, என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். தாண்டியது இரண்டு எட்டுத்தான். ஆனால் நான் போட்டிருந்தது பாலியஸ்டர் ஓட்டக் காற்சட்டை. அது எரியவில்லை, உருகியது. உருகி முழந்தாளுக்குக் கீழே தோலோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர் கட்டியிருந்தது பருத்தி வேட்டி. அதன் ஓரம் கருகியதோடு சரி. சில நிமிடங்களில், நான் நின்றிருந்த இடத்திலிருந்து உருண்ட ஒரு கல், எரியும் மூங்கில் கட்டையோடு கீழே போனது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. மொத்தம் 23 உயிர்கள் போயின. அந்தச் செய்தியைப் பட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கால் தழும்பு அரித்தது என்று சொன்னால் மிகை என்பீர்கள், இருந்தாலும் அரித்தது.

அந்தத் தழும்போடுதான் நான் இரண்டாம் முறை, இம்முறை ஒழுங்காக, தொடங்கினேன். ஏப்ரல் 14-ஐத் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாளாக அனுசரிக்கிறார்கள். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்துச் சிதறியது. தீயை அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. அந்தக் கப்பலில் பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள். நூலும் துணியுமாகப் பிழைக்கும் நம் ஊரில், பஞ்சு மேலே அணைந்து உள்ளே புகைந்துகொண்டே இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளை ஒட்டிய வாரம் முழுவதும் பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் செயல்விளக்கம் நடத்துவார்கள். அப்படி ஒரு விளக்கத்தின் முடிவில், முன்னணித் தீயணைப்பாளர் ஒருவரிடம் போய், "ஐயா, எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். என் காலைப் பார்த்தார், எப்படி என்று கேட்டார், சொன்னேன். சிரிக்கவில்லை. நாற்காலி முடிச்சைப் பதினைந்து முறை போடவைத்தார். கிணற்றில் விழுந்தவரை மேலே தூக்க உட்காரவைக்கும் முடிச்சு அது. நம் மாவட்டத்து நிலையங்களுக்கு நெருப்பைப் போலவே கிணறும் அன்றாட வேலை: மாடு, ஆடு, சில நாள் மனிதர். பாழுங்கிணற்றில் பிராணவாயு குறைந்திருக்கலாம், விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அதே இடத்தில் மயங்கிச் சாய்வார் என்பதையும், ஆகவே இறங்காமல் 101-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை கூட்டத்தை விலக்கி நிறுத்துவதே தன்னார்வலனின் வேலை என்பதையும் அன்று அவர்தான் சொன்னார். கூட்டத்தை விலக்குவதில் என்ன வீரம் இருக்கிறது என்று அன்று உள்ளூர எண்ணினேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் ஒரு வரிசை இருசக்கர வண்டிகள் மறித்து நின்றதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அன்று நானும் இன்னும் இருவரும் 19 வண்டிகளைத் தூக்கி ஓரமாக வைத்தோம்.

இதைப் படிக்கும் துறையினர், வெளியாள் ஒருவன் பாடம் எடுக்கிறான் என்று கோபிக்க வேண்டாம். உங்கள் வேலையை நான் செய்ததாக எங்கும் சொல்லவில்லை. தோற்றவன் புலம்பல் என்று சொல்பவர்களுக்கு மறுப்பு இல்லை. தன்னார்வலர்களை நான் அச்சுறுத்துவதாக நினைப்பவர்கள் மட்டும் என் காலை வந்து பார்க்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. வயது இருக்கிறது, தேர்வுக்குப் படியுங்கள், கயிறு கட்டுங்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கும் காவல்துறை அறிவிப்பு நாளிதழில் வரும்போது விண்ணப்பியுங்கள். நானும் அதில்தான் இருக்கிறேன். கவாத்தும், கட்டளைக்குக் கீழ்ப்பட்டு ஓரிடத்தில் நிற்கும் பழக்கமும் அங்கே வரும். மலைத் தீதான் உங்களை இழுக்கிறது என்றால், தனியாகவோ நண்பர்களோடோ ஏறாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். கோடைக்கு முன்பே வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய், தீத்தடுப்புக் கோடு எடுக்கும் வேலைக்கு ஆள் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பெயரைக் கொடுத்து வையுங்கள். சருகு வழிக்கும் வேலைதான். படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது, முதுகு ஒடியும். அழைத்தால் தண்ணீர்ப் புட்டி, தோல் காலணி, முழுக்கைச் சட்டையோடு போங்கள். சட்டையும் காற்சட்டையும் முழுப் பருத்தியாக இருக்கட்டும்.