பேரப்பிள்ளைகளின் பட்டியலில் உள்ள விலங்குகள் தெஹிவளையில் ஏன் இல்லை?

கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "பள்ளிச் சுற்றுலாவில் யாழ்தேவியில் போய்த் தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் பார்த்தவன் நான். மாலையில் நடந்த யானை ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விடுமுறையில் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிச் செல்ல நினைக்கிறேன். கொரில்லா, ஒட்டகச்சிவிங்கி, பனிக்கரடி என்று அவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அண்மையில் போய்வந்தவர்களோ, முன்பு இருந்தவை பல இப்போது இல்லை என்கிறார்கள். ஏன் இல்லை? வேறெங்கு பார்க்கலாம்? எங்கள் பக்கத்துக் கடலில் இருந்த கடற்பசுவையாவது எங்காவது காட்ட முடியுமா?"

முதலில் சுருக்கமான விடை. கொரில்லாவும் பனிக்கரடியும் இலங்கையில் எங்குமே இல்லை. அவற்றைப் பட்டியலிலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள். ஒட்டகச்சிவிங்கி உண்டா இல்லையா என்பதைப் புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டொரு விலங்குகளை மட்டும் வைத்திருக்கும் காட்சிசாலையில் ஒரேயொரு மரணம் கூட ஓர் இனத்தையே இல்லாமல் ஆக்கிவிடும். யானை ஆட்டத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். யானையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இருக்கிறது.

ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பலரும் "அரசாங்கம் கவனிப்பதில்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக்கு மேல் தவறு என்பது என் எண்ணம். விலங்குகள் கைமாறும் முறையே மாறிவிட்டது. தெஹிவளைக் காட்சிசாலையைத் தொடங்கியவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய விலங்கு வியாபாரி. ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றும் விலங்குகளைத் தங்கவைத்த இடமே பின்னர் காட்சிசாலையாயிற்று. நிறுவனம் நொடித்துப்போகவே 1936இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. அந்தக் காலத்தில் காசு இருந்தால் எந்த விலங்கும் வரும். அதன் பிறகு நெடுங்காலம் இலங்கைக்குக் காசைவிடப் பெறுமதியான மாற்றுப் பொருள் ஒன்று இருந்தது, அது யானைக்கன்று. அந்த வழியும் இன்று ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. பின்னவல யானைகள் காப்பகத்தில் வளர்ந்த அஞ்சலி என்ற யானை 2015இல் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குப் போனது. அதற்குத் துணையாக அடுத்த ஆண்டு அன்பளிப்புச் செய்யப்பட்ட நந்தியை அனுப்புவதை எதிர்த்துக் கொழும்பில் வழக்குத் தொடரப்பட்டதனால் நந்தி போகவேயில்லை. காசும் செல்லாது, கன்றும் செல்லாது என்றானபின் எஞ்சியிருப்பது இரவல் முறை. இனப்பெருக்கத் திட்டத்தை நடத்தும் வெளிநாட்டுக் காட்சிசாலைகள், இடம், துணை, மருத்துவம் மூன்றும் தமக்குத் திருப்தியாக இருந்தால்தான் விலங்கைக் கொடுக்கும். இருபத்தைந்து ஏக்கருக்கும் குறைவான தெஹிவளைக்கு அந்தத் தேர்வு மிகக் கடினமானது.

கொரில்லாவை எடுத்துக்கொள்வோம். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதில் சேர்ந்தது. அதன் முதலாம் பட்டியலில் இருக்கும் கொரில்லாவை வியாபார நோக்கில் வாங்கவோ விற்கவோ முடியாது. மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியாவின் தைப்பிங் காட்சிசாலையே சாட்சி. 2002இல் நைஜீரியாவிலிருந்து பொய்யான பத்திரங்களுடன் அங்கு வந்துசேர்ந்த நான்கு கொரில்லாக் குட்டிகள் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று தெரிந்ததும், முதலில் தென்னாபிரிக்காவுக்கும் பின்னர் 2007இல் கமரூனுக்கும் அனுப்பப்பட்டன. ஒற்றைக் கொரில்லாவை எப்படியோ கொண்டுவந்து வைத்தாலும் அது நல்ல காட்சியாக இராது. கூட்டமாக வாழும் விலங்கு அது. முதுகு நரைத்த ஓர் ஆணைச் சுற்றிப் பெண்களும் குட்டிகளும் இருப்பதே அதன் இயல்பு. மைசூர்க் காட்சிசாலையில் போலோ என்ற கொரில்லா நெடுங்காலம் தன்னந்தனியாக வாழ்ந்து 2014இல் இறந்தது. ஏழு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே, 2021இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் சாலையிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் அங்கு வந்தன. ஆண்கள் ஏன் கிடைத்தன என்பதை ஊகிப்பது கடினமல்ல: குட்டிகளில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகப் பிறக்க, குடும்பத்துக்கு ஓர் ஆண் மட்டுமே தேவைப்படுவதால் மிஞ்சும் ஆண்களுக்கு இடம் தேடுவது சாலைகளுக்கு எப்போதும் தலையிடி. பேரப்பிள்ளைகளுக்குக் கொரில்லா பார்த்தே தீரவேண்டும் என்றால், பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறி அங்கிருந்து ரயிலில் மைசூருக்குப் போவதே பக்கத்து வழி. அந்தச் சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒட்டகச்சிவிங்கியின் சிக்கல் வேறு வகையானது. வளர்ந்த ஆண் ஐந்தரை மீற்றர் வரை உயரும். அந்த உயரத்தை லொறியில் ஏற்றிப் பாலங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் கீழாகக் கொண்டுபோக முடியாது. ஆகவே இடம் மாற்றப்படுபவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக் குட்டிகள். மயக்க ஊசி போட்டு ஏற்றலாமே என்று கேட்பீர்கள். மற்ற விலங்குகளைவிட அதற்கு அது ஆபத்தானது: கழுத்து சரிந்து விழுந்தால் இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும், மனிதனின் இரத்த அழுத்தத்தைப் போல இருமடங்கு அழுத்தத்தில் ஓடும் இரத்தமும் தடுமாறிவிடும். அதனால் உயரமான பெட்டியொன்றை அதன் வளவுக்குள்ளேயே வாரக்கணக்கில் திறந்து வைத்து, உள்ளே குழை தொங்கவிட்டு, அது தானாகப் போய்வரப் பழகிய பின்னர் ஒருநாள் கதவைச் சாத்துகிறார்கள். பிளவுபட்ட குளம்புள்ள விலங்கு என்பதால் மாட்டு நோய்களைப் பற்றிய இறக்குமதி விதிகளும், வந்த பிறகு தனிமைப்படுத்தலும் உண்டு. 2019 முதல் அதுவும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இத்தனைக்கும் டொலரில் செலவழிக்க வேண்டும். 2022இன் நெருக்கடியைக் கண்ட நாட்டில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் பிறகுதான் ஒட்டகச்சிவிங்கி வரும் என்பதில் ஆச்சரியம் இல்லை.

பனிக்கரடியை நம் வெப்பத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சிங்கப்பூரார். தெஹிவளையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ் திட்டமிட்டுக் கொடுத்த, 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்க் காட்சிசாலையில்தான். அங்கிருந்த இரண்டு பனிக்கரடிகளும் 2004இல் பச்சை நிறமாக மாறின. உள்ளே வெற்றிடமான உரோமத்துக்குள் பாசி வளர்ந்திருந்தது. வெளிற்றி வெள்ளையாக்கினார்கள், ஆனால் 2006இல் இனிப் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அங்கேயே பிறந்த இனுகா 2018இல் இறந்ததோடு கணக்குத் தீர்ந்தது.

யானை ஆட்டத்தை விரும்பிப் பார்த்த தலைமுறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தலைகீழாக நிற்பதும் பின்காலில் எழுவதும் நான்கு தொன் உடம்பு தானாகச் செய்யும் அசைவுகள் அல்ல. கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, காலைக் கட்டி, அங்குசத்தால் பழக்கிய பின்னரே அவை வருகின்றன. இந்தியா 2009இல் யானைகளைக் காட்சிசாலைகளில் வைத்திருப்பதே ஏற்புடையதன்று என்று முடிவுசெய்து அவற்றை முகாம்களுக்கு மாற்றச் சொன்னது. அதற்குப் பதிலாகப் பேரப்பிள்ளைகளைப் பின்னவலவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1975இல் அநாதைக் கன்றுகளுக்காகத் தொடங்கிய இடம். காலையும் பிற்பகலும் கூட்டம் முழுவதும் கடைத்தெருவைக் குறுக்கறுத்து மா ஓயாவுக்குக் குளிக்கப் போகும். கன்று தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றபடி தும்பிக்கையால் சேற்றை அள்ளிப் பக்கத்தில் நிற்பதன் மீது வீசுவதைப் பார்த்தால் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். சங்கிலி அங்கும் உண்டு, கண்டனங்களும் உண்டு. அதைப் பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சுற்றுவட்டாரத்தில் காசு வாங்கி யானை மீது ஏற்றும் தனியாரிடம் மட்டும் போகாதீர்கள்.

கடற்பசுவைப் பற்றிக் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நமக்கு எதிர்க்கரையில் தமிழ்நாட்டின் மண்டபம் என்ற ஊரில், கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1959இல் ஒரு சோடியைத் தொட்டியில் விட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வளர்த்தார்கள். இப்போது உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில்தான் அது வளர்க்கப்படுகிறது. காரணம் சாப்பாடு: வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கும் மேல் கடற்புல் மேயும், அந்தப் புல்லைத் தினமும் அறுத்துக் கொடுக்கப் பெரும்பாலான காட்சிசாலைகளால் முடியாது. இலங்கையில் 1970 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, தமிழ்நாடும் 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை அதன் காப்பகமாக அறிவித்தது. பார்ப்பதற்கு இடமில்லை. ஆனால் சுண்டிக்குளத்துக்கோ யாழ்ப்பாணக் கடனீரேரிக்கோ தை மாத அளவில் போனால் பூநாரைகளைச் செலவில்லாமல், கூண்டில்லாமல் காட்டலாம்.

பயணத்தை இப்படி அமைக்கலாம். வடக்குப் பாதை பொல்கஹவெலச் சந்தியில் கண்டிப் பாதையோடு சேர்கிறது. அங்கே இறங்கினால் பின்னவல அதிக தூரமில்லை. யானைக் கூடத்துக்கு அருகிலேயே 2015இல் திறக்கப்பட்ட விலங்குப் பூங்காவும் இருக்கிறது, சிறுத்தையை அங்கே பாருங்கள். அடுத்த நாள் கொழும்பு. வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினால் தெஹிவளை அடுத்த ஊர், காலை நேரத்திலேயே போய்விடுங்கள், மத்தியான வெயிலில் விலங்குகளும் எழும்பாது. அம்பாந்தோட்டைப் பக்கம் ரிதியகமவில் 2016இல் திறந்த 500 ஏக்கர் சபாரிப் பூங்காவில் பூங்காவின் பேருந்திலேயே சிங்கங்களுக்கு நடுவே போகலாம் என்றாலும், அதை இந்தப் பயணத்தோடு சேர்த்தால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். கதிர்காமத்துக்குப் போகும் வருடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.